மூச்சுக்குமா தலைக்கணக்கு?

காற்றுக்கு வேலியில்லை. மாநகரத்தான் நெஞ்சு ஒன்று, சிற்றூரான் நெஞ்சு மற்றொன்று என இயற்கை மாந்தனைப் பிரித்துப் படைக்கவும் இல்லை. ஆனால் இயற்கை செய்யாத அப்பிரிவினையைத் தில்லியில் அமர்ந்து சட்டம் வகுப்போர் செய்து முடித்திருக்கின்றனர். ஓர் ஊரில் பத்து இலக்கம் தலைகள் இருந்தால்தான் அவ்வூர் மக்கள் நச்சாவியினின்று காக்கப்படத் தக்கவர். அதற்குக் குறைந்தால் அவர்கள் எதை மூச்சிழுத்தாலும் கேட்பாரில்லை! பெட்ரோல் என்று மக்கள் வழங்கும் கன்னெய்யைத் தேக்கி வைக்கும்போதும், ஒரு கலத்திலிருந்து மறு கலத்துக்கு மாற்றும்போதும் எழும் ஆவியைக் கட்டுப்படுத்த எழுந்த நெறிமுறைகளின் உள்ளடக்கம் இதுவே. இதனால் முற்றாகக் கைவிடப்பட்ட நிலங்களுள் பெரம்பலூரும் அரியலூரும் முன்வரிசையில் நிற்கின்றன.

கன்னெய் நீரைப் போல் கலத்துள் அடங்கிக் கிடக்கும் பொருளன்று. இடையறாது ஆவியாகிக் கொண்டேயிருப்பது. விற்பனை நிலையத்தின் நிலத்தடித் தொட்டியில் கன்னெய் குறையக் குறைய, வெற்றிடத்தை அதன் ஆவி நிரப்பிக் கொள்கின்றது. தொட்டியுந்து வந்து பன்னீராயிரம் இலிட்டர் கன்னெய்யை இறக்கினால், ஏறத்தாழ அதே பன்னீராயிரம் இலிட்டர் கொள்ளளவுள்ள ஆவிக்காற்று நெட்டித் தள்ளப்பட்டு, மேலே நீட்டிய குழாய் வழியே ஊர்க்காற்றில் கலக்கின்றது. பின்னர் அதே கன்னெய் வண்டிகளின் கலத்துக்குள் பாயும்போது, அக்கலத்தில் தேங்கியிருந்த ஆவி திறந்த வாய் வழியே வெளிப்பட்டு, குழாயைப் பிடித்து நிற்கும் தொழிலாளியின் முகத்திலும், வண்டியருகே நிற்பவர் முகத்திலும் மோதுகின்றது. மூக்கில் ஏறும் அந்நெடியைப் பலர் மணமென்றே எண்ணிப் பழகிவிட்டனர். அது மணமன்று, நஞ்சின் வருகை.

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் இதற்கொரு கணக்கு வைத்திருக்கின்றது. எவ்வகைத் தடுப்பும் இல்லாதவிடத்து, நிலத்தடித் தொட்டியை நிரப்புகையில் இலிட்டருக்கு 0.88 கிராம், தொட்டியின் இயல்பான கசிவில் 0.12 கிராம், வண்டிக்கு ஊற்றுகையில் 1.32 கிராம், சிந்துவதில் 0.08 கிராம் என ஆவி வெளியேறுகின்றது. கூட்டினால் இலிட்டருக்கு 2.4 கிராம். திங்களுக்கு ஓரிலக்கம் இலிட்டர், அதாவது 100 கிலோ இலிட்டர் விற்கும் நிலையம் ஒன்றை எடுத்துக் கொண்டால், அங்கிருந்து ஒவ்வொரு திங்களும் 240 கிலோ கன்னெய் காற்றில் கரைகின்றது! முந்நூறு இலிட்டருக்கு மேற்பட்ட கன்னெய் அது. இலிட்டர் நூறு உருபா அளவில் விற்கும் இந்நாளில், முப்பதாயிரம் உருபாவுக்கு மேற்பட்ட பொருளை விற்காமலும் பயன்படுத்தாமலும் மக்கள் நெஞ்சுக்குள் ஊதித் தள்ளுகின்றனர். கோடையில் நாற்பது பாகையைத் தொடும் வெயில் நிலத்தில் இவ்விழப்புக் குறைவதற்கு வழியுமில்லை.

அவ்வாவியில் பென்சீன் என்னும் பொருள் உண்டு. அது குருதிப் புற்றுநோயை விளைப்பது என்பது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்ட உண்மை. உலக நல்வாழ்வு நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மாந்தர்க்குப் புற்று விளைப்பன என உறுதிப்பட்ட பொருள்களின் முதல் வரிசையில் பென்சீனை நெடுங்காலமாக வைத்துள்ளது. 2025ஆம் ஆண்டில் கன்னெய்யையே அவ்வரிசையில் சேர்த்துவிட்டது. இந்திய அரசும் 2009இல் வெளியிட்ட காற்றுத்தர அளவுகளில், பென்சீன் ஓராண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 நுண்கிராமுக்கு மேற்படலாகாது என்று எழுதி வைத்திருக்கின்றது. இவ்வளவோடு முடிந்ததா? வெளியேறிய ஆவி, ஊர்திப் புகையோடும் கதிரவன் ஒளியோடும் சேர்ந்து நிலமட்டத்தில் ஓசோன் வளியாக மாறுகின்றது. அது மாந்தர் மூச்சுக்குழலை அரிப்பதோடு பயிரின் இலையையும் தாக்குவது. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைத்து வாழும் பெரம்பலூர் உழவனுக்கு இஃது எங்கோ நடக்கும் செய்தியன்று.

இதற்கு மருந்து இல்லையா? உண்டு, அரிய மருந்துமன்று. முதற்படி, தொட்டியுந்திலிருந்து கன்னெய் இறங்கும்போது நிலத்தடித் தொட்டியின் ஆவியைத் திரும்பவும் தொட்டியுந்துக்கே கொண்டு செல்லும் ஒரு குழாயை இணைப்பது. ஆவி கிடங்குக்குத் திரும்பிச் சென்று, அங்கே மீண்டும் கன்னெய்யாக மீட்கப்படும். மேற்சொன்ன அமெரிக்கக் கணக்கின்படி, இவ்வொரு குழாய் 0.88 கிராம் வெளியேற்றத்தை 0.04 கிராமாகச் சுருக்கி விடுகின்றது. இரண்டாம் படி, வண்டிக்கு ஊற்றும் குழாய்முனையிலேயே ஆவியை உறிஞ்சித் தொட்டிக்குத் திருப்பும் எக்கி. ஐரோப்பிய ஒன்றியம் முதற்படிக்கு 1994இலும் இரண்டாம் படிக்கு 2009இலும் சட்டம் செய்து விட்டது.

இந்தியாவில் நடந்ததென்ன? நாட்டுப் பசுமைத் தீர்ப்பாயத்தின் இடையீட்டுக்குப் பின்னரே நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 சனவரி 7ஆம் நாள் கன்னெய் நிலையங்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. பின்னர்த் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்விலிருந்து எழுந்த வழக்கொன்று இந்திய உச்ச முறைமன்றம் வரை சென்றது. 2023இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. நிலையங்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முன்னிசைவு பெறுவதைக் கட்டாயமாக்கியிருந்த தீர்ப்பாயத்தின் ஆணையை அது விலக்கியது. பத்திலக்கத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் திங்களுக்கு 300 கிலோ இலிட்டருக்கு மேல் விற்கும் நிலையங்கள் ஆவி மீட்புப் பொறியை அமைத்தாக வேண்டும் என்றது.

இவ்வெண்ணைக் கையில் கொண்டு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வருவோர் என்ன காண்பர்? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பெரம்பலூர் நகராட்சியில் 49,648 பேர். அரியலூர் நகராட்சியில் 28,902 பேர். வரம்பைப் பத்திலக்கத்திலிருந்து ஓரிலக்கமாகத் தாழ்த்தினாலும் இவ்விரு தலைநகர்களும் அதற்குள் வரமாட்டா. நகரை விடுத்து மாவட்டத்தையே எண்ணினாலோ, பெரம்பலூர் மாவட்டம் முழுமைக்கும் 5,65,223 பேர். அரியலூர் மாவட்டம் முழுமைக்கும் 7,54,894 பேர். ஒரு மாவட்டத்து மக்கள் அனைவரும் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு ஓரூரில் வந்து குடியேறினாலும் தில்லியின் கணக்கில் அவர்கள் மூச்சுவிடும் உயிர்களாக ஆகமாட்டார்கள்! அண்டையிலுள்ள பெருநகரமாகிய திருச்சிராப்பள்ளி மாநகராட்சியே அக்கணக்கெடுப்பில் பத்திலக்கத்தை எட்டவில்லை. அடுத்த கணக்கெடுப்போ, 2021இல் நடந்திருக்க வேண்டியது, நடக்கவில்லை. எண்ணப்படாத மக்களின் தலையெண்ணிக்கையை வைத்து அவர்கள் நலத்தை அளக்கும் விந்தையை வேறெந்த நாட்டில் காண முடியும்?

ஐரோப்பியச் சட்டம் ஊரின் தலைகளை எண்ணவில்லை. நிலையத்தின் விற்பனையையும், அதற்கு அணித்தே மக்கள் வாழ்வதையுமே பார்க்கின்றது. முன்னரே இயங்கி வந்த நிலையங்களுக்கு ஆண்டுக்கு 3,000 கன மீட்டர் என்னும் பெரிய வரம்பை வைத்தபோதிலும், புதிதாக அமையும் நிலையம் ஆண்டுக்கு 500 கன மீட்டருக்கு மேல் விற்பதாயின் எவ்வூரிலிருந்தாலும் குழாய்முனைப் பொறி வேண்டும். குடியிருப்புக்கு அடியில் அமைந்ததாயின் 100 கன மீட்டரே போதும். தில்லி வைத்த திங்களுக்கு 300 கிலோ இலிட்டரை ஆண்டுக்குக் கணக்கிட்டால் 3,600 கன மீட்டர் ஆகும். அதன் மேலும் பத்திலக்கம் மக்கள் என்னும் இரண்டாம் பூட்டு! நச்சாவி எழுவது நிலையத்திலிருந்தா, மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்தா?

இந்நெறிமுறைகளுக்குள்ளேயே இதைப் பொய்ப்பிக்கும் சான்றும் இருக்கின்றது. புதிய நிலையம் பள்ளியிலிருந்தும், பத்துப் படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையிலிருந்தும், குடியிருப்புப் பகுதியிலிருந்தும் 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும்; இடநெருக்கடி இருப்பின் கூடுதல் காப்புகளோடு 30 மீட்டர் வரை வரலாம்; அதற்கும் குறையலாகாது என 2020 நெறிமுறை கூறுகின்றது. இவ்விடத்தில் ஊரின் பருமனை அது கேட்கவில்லை. சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளையின் நெஞ்சும் மாநகர்ப் பிள்ளையின் நெஞ்சும் ஒன்றே என்பதை நெறிமுறை எழுதியோர் நன்றாகவே அறிந்திருக்கின்றனர். ஆனால், எண்ணெய் நிறுவனங்கள் பொருள் செலவிட்டுப் பொறி வைக்க வேண்டிய இடம் வந்ததும் அவ்வறிவு மறைந்து, தலைக்கணக்கு வந்து அமர்ந்து கொள்கின்றது. இது தெரியாமையால் வந்த பிழையன்று. செலவைச் சுருக்க வந்த சூழ்ச்சி.

கைவிடப்படுவது அரியலூர்க்குப் புதிதுமன்று. கடல்தாண்டி வென்ற இராசேந்திர சோழன் தலைநகர் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் அம்மாவட்டத்து மண். அம்மண்ணின் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித் தோண்டி நாடு முழுமைக்கும் சிமிட்டி விற்கின்றனர்; குழியும் தூசும் மட்டுமே ஊராருக்கு. 2020இல் வேளாண் மண்டலக் காப்புச் சட்டம் வந்தபோது, முதற்கண் அறிவித்த மாவட்டங்களிலிருந்து திருச்சிராப்பள்ளியையும் கரூரையும் அரியலூரையும் தமிழக அரசே விலக்கி விட்டது. இப்பொழுது ஆவிக் கட்டுப்பாட்டிலும் அதே கதை. சிமிட்டிச் சரக்குந்துகள் குடிக்கும் தீசல் எளிதில் ஆவியாவதன்று என்பது உண்மையே. ஆயின் உழவரும் கூலியாட்களும் கல்லூரி மாணவரும் ஊரும் இருசக்கர வண்டிகள் குடிப்பது கன்னெய்யையே. ஏற்கெனவே தூசு தின்ற நெஞ்சில்தான் இவ்வாவியும் சேர்கின்றது.

இவர்கள் அனைவரிலும் இரங்கத்தக்கவர் நிலையத் தொழிலாளரே. வாங்க வருபவன் ஐந்து நிமையம் நின்று போகின்றான். தொழிலாளியோ நாள் முழுவதும் அவ்வாவிக்குள் நிற்கின்றான். நிலையத்துக்கு உரிமம் தரும் வெடிபொருள் காப்பு அமைப்பின் தலைமையகம் நாகபுரியில். அது முதன்மையாய்ப் பார்ப்பது தீப்பற்றுமா, வெடிக்குமா என்பதையே. மூச்சு வழியே மெல்ல மெல்லப் பற்றும் தீயை யார் பார்ப்பது? தொழிலாளியை எச்சரிக்க வேண்டிய நெறிமுறையோ ஆங்கிலத்தில் கிடக்கின்றது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவைத் தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளில் வெளியிடுமாறு தில்லி உயர் முறைமன்றம் 2020இல் ஆணையிட்டபோது, அதனை எதிர்த்து உச்ச முறைமன்றத்துக்குப் போனது இந்திய அரசு. மக்கள் மொழியில் மக்களுக்கு வரும் இடரைச் சொல்லவும் மனமில்லாதவர்கள், மக்களைக் காப்பார்கள் என நம்புவது எங்ஙனம்?

தில்லியை மட்டும் பழித்துவிட்டு ஓய்வதும் முறையன்று. 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, நடுவண் வாரியத்தைக் கலந்து, வெளியேற்ற அளவுகளை வகுக்கும் பொறுப்பை மாநில வாரியத்துக்கே கொடுத்திருக்கின்றது. முன்னிசைவு வேறு, வெளியேற்ற அளவு வேறு. முன்னதை உச்ச முறைமன்றம் விலக்கியதைக் காட்டிப் பின்னதையும் செய்யாமலிருப்பது சாக்கேயன்றிப் பிறிதில்லை. 1982 முதல் இயங்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கையிலிருக்கும் சிறிய உரிமையையும் பயன்படுத்தாவிடில், பெரிய உரிமை கேட்கும் தகுதி தமிழக ஆட்சியாளர்க்கு எவ்வாறு வரும்?

சிறு நிலையங்கள் இச்செலவைத் தாங்குமா என்னும் கேள்வி எழலாம். தாங்க வேண்டியவர் சிறு விற்பனையாளர் அல்லர்; அவர்க்குக் கன்னெய் கொடுத்து ஊதியம் ஈட்டும் எண்ணெய் நிறுவனங்களும், இலிட்டர்தோறும் வரி தண்டும் நடுவணரசும் மாநில அரசுமே. முதற்படிக் குழாய் பெருஞ்செலவுப் பொருளுமன்று. மீட்கப்படும் ஆவியோ மீண்டும் விற்கத்தக்க கன்னெய்.

எனவே செய்ய வேண்டுவன தெளிவானவை. ஊரின் தலையெண்ணிக்கை பாராது, தமிழ்நாட்டின் எல்லாக் கன்னெய் நிலையங்களிலும் கிடங்குகளிலும் முதற்படி ஆவி மீட்பைக் கட்டாயமாக்குதல் வேண்டும். குழாய்முனைப் பொறிக்கு, விற்பனையின் அளவும் குடியிருப்பின் அண்மையும் மட்டுமே அளவுகோலாதல் வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்ட நிலையங்களின் எல்லையில் பென்சீனை அளந்து, அளவைத் தமிழில் ஊரறிய எழுதி வைத்தல் வேண்டும். தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் குருதி ஆய்வும், தமிழில் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். 50 மீட்டர் நெறி ஒவ்வோர் ஊராட்சிக்கும் தமிழில் சென்று சேர்தல் வேண்டும்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பழமரம், அந்நிலம் ஒருகாலத்துக் கடலோடு கிடந்ததைப் பல கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் சொல்லிக் கொண்டிருக்கின்றது. மரம் கல்லாகலாம், அதனால் தீங்கில்லை. மக்களும் ஆட்சியாளரும் கல்லாகிவிடலாகாது. ஊராட்சி மன்றங்களில் தீர்மானமாகவும், மாவட்ட ஆட்சியர் முன் முறையீடாகவும், தேர்தல் மேடையில் கேள்வியாகவும் இம்மூச்சுரிமை எழுதல் வேண்டும். தலையை எண்ணி உயிரை விலைபேசும் நெறிமுறை எதுவாயினும், அதனைத் தமிழ்மண் ஏற்காது என்பதைப் பெரம்பலூரும் அரியலூரும் முதலில் முழங்கட்டும்!