ரயில் பெட்டியிலிருந்து சின்னத்திரைக்கு

புரூக்ளினில் 1959இல் பிறந்த ஃபிரெட் பிராத்வெயிட், ‘ஃபேப் ஃபைவ் ஃபிரெடி’ என்ற பெயரில் நியூயார்க்கில் ஸ்பிரே பெயின்ட்டும் கையுமாகத் திரிந்தவர். 1980இல் ஒரு சுரங்க ரயில் பெட்டியின் பக்கவாட்டில் கேம்ப்பெல் சூப் டின்களை வரிசையாக வரைந்தார். அதே டின்களை ஓவியமாக்கிப் புகழ்பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹோலுக்குப் போட்ட கும்பிடு அது. வெறும் கிறுக்கல் என்று அழிக்கப்பட்டு வந்த ரயில் ஓவியங்களைக் கலை என்று ஒப்புக்கொள்ள வைக்க இதைவிடச் சாமர்த்தியமான வழி கிடையாது. அடுத்து ஹிப்-ஹாப் உலகைக் காட்டிய ‘வைல்ட் ஸ்டைல்’ படத்தில் நடித்தார். 1988இல் ‘யோ! எம்டிவி ராப்ஸ்’ நிகழ்ச்சியின் தொகுப்பாளரானார். கறுப்பினக் கலைஞர்களுக்கு இடம் தர ஒருகாலத்தில் தயங்கிய இசைச் சேனல்தான் எம்டிவி! ஸ்டுடியோவில் உட்காராமல், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ராப் பாடகர்களை அவரவர் தெருவுக்கே தேடிப்போய்ப் பேட்டி கண்டார். நிகழ்ச்சி 1995 வரை ஓடியது. ராப்பை அமெரிக்க வீடுகளின் கூடத்துக்குள் கொண்டுபோனதில் பாடகர்களுக்கு இணையான பங்கு இவருக்கும் உண்டு.