மருமகன் கொண்டு வந்த வானம்

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்திருந்தது. அவ பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். வந்த அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும், "மாமா, எல்லா லைட்டையும் அணைங்க. உங்களுக்கு வானம் காட்டுறேன்"னான். பையிலிருந்து கறுப்பா ஒரு உருண்டையை எடுத்துக் கூடத்துத் தரையில வச்சான். வீட்டு பிளானட்டோரியம் புரொஜெக்டராம். பிறந்த நாளுக்கு அவங்கப்பா வாங்கிக் கொடுத்ததாம்.

அணைச்சோம். வெள்ளையடிச்ச தளம் முழுக்கப் பொடிப்பொடியா நட்சத்திரம். அம்மா பாயில படுத்தபடியே பார்த்துட்டு, "கல்யாண மண்டபத்துல ஐயரு ஃபேனைக் காட்டி அருந்ததிம்பாரே, அதுக்கு இது தேவலைடா"ன்னாங்க.

எல்லாரும் சிரிச்சோம். ஆனா அம்மா சொன்னதுல விஷயம் இருக்கு. பட்டப்பகல்ல, கூரைக்கு அடியில, தெரியாத நட்சத்திரத்தைத் தெரிஞ்சதா தலையாட்டிட்டுத்தான் நாம எல்லாரும் குடும்பம் நடத்திக்கிட்டிருக்கோம். அருந்ததி நிஜமாவே வானத்துல இருக்கு. சப்தரிஷி மண்டலத்தோட வால்ல நடுவுல இருக்கிறது வசிட்டர். அதுக்குப் பக்கத்துல ஒட்டினாப்ல மங்கலாத் தெரியறது அருந்ததி. மருமகன்கிட்ட அதைக் காட்டச் சொன்னேன். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரெண்டும் சேர்ந்து ஒரே புள்ளியாவே நின்னுச்சு.

அந்த உருண்டையை நான் குறை சொல்லல. உள்ள ஒரு எல்இடி, அதுக்கு முன்னால நட்சத்திரங்களைப் பதிச்ச வட்டமான தட்டு, லென்ஸ், தட்டை மெதுவாச் சுத்த ஒரு மோட்டார். அவ்வளவுதான். ஆனா பின்னால பெரிய உழைப்பு இருக்கு. 1923ல் ஜெர்மனியில ஸைஸ் கம்பெனி மியூனிக் அருங்காட்சியகத்துக்காகச் செஞ்ச கருவி சுமார் 4,500 நட்சத்திரங்களைக் காட்டுச்சு. அதை வைக்கவே ஒரு கட்டடம் வேணும். 2005ல் ஜப்பான்ல தகாயுகி ஒஹிராங்கிறவரும் சேகா டாய்ஸ் நிறுவனமும் சேர்ந்து 'ஹோம்ஸ்டார்'ங்கிற பேர்ல அதை மேசை மேல வைக்கிற சைஸுக்குக் கொண்டு வந்துட்டாங்க. 60,000 நட்சத்திரம் காட்டுற மாடல்கூட வந்தாச்சு. நல்ல இருட்டுல, வெறுங்கண்ணுக்கு ஒரு நேரத்துல தெரியறதே ரெண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம்தான்!

வாங்க நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 'கேலக்ஸி லைட்'டுன்னு மலிவா விக்கிறதுல பலது வெறும் பச்சை லேசர் புள்ளிதான். ஒரே கோலம் பக்கத்துல பக்கத்துல திரும்பத் திரும்ப வந்தா அது வானம் இல்ல, அலங்கார விளக்கு. அதோட லேசருக்கு நேரா பிள்ளைங்க கண்ணை வைக்க விடாதீங்க.

இன்னொண்ணு, அந்த வானம் எந்த ஊரு வானம்னு பாருங்க. துருவ நட்சத்திரம் ஜப்பான்ல டோக்கியோ பக்கம் அடிவானத்திலிருந்து 35 பாகை உயரத்துல நிக்கும். எங்க டெல்டாவுல 11 பாகைதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கினா ஒரு முஷ்டி உயரம் சுமார் 10 பாகை. தை மாசம் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெக்கால, கொஞ்சம் கிழக்கே சாஞ்சாப்ல பளிச்னு அகத்தியர் நட்சத்திரம் நிக்கும். அங்க அது அடிவானத்தை உரசிட்டுப் போயிடும். மருமகன் காட்டின வானத்துல அகத்தியரே இல்ல. வடக்கத்தி நாட்டு வானத்தைப் பார்த்துட்டு நம்ம வானம்னு பிள்ளைங்க நினைச்சிடக் கூடாது.

மறுநாள் விடியக்காலம் நாலு மணிக்குத் தண்ணி மாத்தப் போகும்போது அவனையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போனேன். தை அமாவாசைக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. நிலாவும் இல்ல, பனியும் அதிகமில்ல. ஆனா வாய்க்கால் மேட்டுல நின்னு அண்ணாந்தா பத்து நட்சத்திரம்கூடத் தேறல. ரோட்டு முக்குல உயரக் கம்பத்துல பெரிய லைட்டு வந்து மூணு வருஷமாச்சு. அது ரோட்டுக்கு அடிக்கிறதுல பாதி என் வயலுக்கும் வானத்துக்கும்தான் போகுது.

எனக்கு அதுல நட்சத்திரம் மட்டும் போகலைங்க. நான் போட்டிருக்கிறது மாப்பிள்ளைச் சம்பா. பகல் குறுகி ராத்திரி நீண்டாத்தான் அதுக்குக் கதிர் வரும். பயிருக்கு ராத்திரின்னா இருட்டுதான், கடிகாரம் இல்ல. வயல் பூரா கதிர் முத்தித் தலை சாஞ்சு நிக்குது, லைட்டு விழுற ஓரம் மட்டும் இன்னும் பச்சையா நிக்குது. "இது மட்டும் ஏன் மாமா இப்படி?"ன்னு கேட்டான். "இதுக்கு இன்னும் ராத்திரியே வரலடா"ன்னேன்.

லைட்டே வேண்டாம்னு சொல்ல வரல. பாம்பு நடமாடுற ஊரு, பொம்பளைப் பிள்ளைங்க இருட்டுல வர்ற ரோடு. மேல ஒரு மூடி போட்டு, வெளிச்சம் கீழே மட்டும் விழுற மாதிரி திருப்பினா போதும். மனு கொடுத்துட்டுக் காத்திருக்கேன்.

நகரத்துல இருக்கிற உங்ககிட்ட நான் கேட்கிறதும் இதுதான். லைட்டைப் போட்டு வானத்தை அணைச்சுட்டு, அதைப் பார்க்க இன்னொரு லைட்டைக் காசு கொடுத்து வாங்கிட்டிருக்கோம். வாங்குங்க, தப்பில்ல. எது சப்தரிஷி, எது கார்த்திகைன்னு பிள்ளைங்க அதுல பழகட்டும். ஆனா அதோட நிறுத்திடாதீங்க. உங்க மொட்டை மாடியில ராத்திரி முழுக்க எரியிற அந்த ஒரு விளக்கை அணைங்க. சித்திரை, வைகாசியில ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வடக்கே பாருங்க, சப்தரிஷி நல்லா மேல ஏறியிருக்கும். லீவுக்கு ஊருக்கு வந்தா ரோட்டு விளக்கைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் நடங்க.

நாங்களும் அன்னைக்கு அப்படித்தான் நடந்தோம். களத்துமேட்டைத் தாண்டி, பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் போனதும் வானம் கறுத்துப் போச்சு. வடக்கே சப்தரிஷி. பையன் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிக்கிட்டே நின்னான். "ரெண்டு இருக்கு மாமா!"ன்னு கத்தினான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா, "அம்மாச்சி, நான் அருந்ததியைப் பார்த்துட்டேன்"னான். அம்மா அடுப்படியிலிருந்தே, "எனக்குக் கல்யாணமாகி அம்பது வருஷமாச்சு, இன்னும் பார்க்கல. நாளைக்கு என்னையும் எழுப்புடா"ன்னாங்க.