தோழர்களுக்கும் ஒரு சுவர்

ஜோகூர் பாருவில் ஜாலான் பெட்ரி கலைக்கூடத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என் மனம் கொழும்புக்குப் போய்விடுகிறது. 1910இல் எழுந்த அந்த ஜோகூர் மாளிகை மந்திரி பெசார் அப்துல்லா ஜாபாரின் இல்லம். ஓவியங்கள் பிற்பாடு குடிவந்தவை. கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் வீடே ஓவியருடையது. லண்டனிலும் பாரிஸிலும் பயின்று, சாந்திநிகேதனில் கற்பித்து, ஊர் திரும்பிய ஹாரி பீரிஸ், தான் வாழ்ந்த வீட்டை 1974இல் சபுமல் அறக்கட்டளையாக்கினார். 1988இல் அவர் மறைந்த பிறகும் அது பார்வையாளர்களுக்குத் திறந்தே இருக்கிறது. என்னை நெகிழவைப்பது அந்தக் கொடை மட்டுமல்ல, அங்கே மாட்டப்பட்டிருக்கும் படங்களும்தான். ஜார்ஜ் கீட், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ரிச்சர்ட் கேப்ரியல் என்று, காலனியக் காலத்துச் சம்பிரதாய ரசனையை எதிர்த்து 1943இல் ஒன்றுகூடிய '43 குழு'வின் கூட்டாளிகள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். ஓவியரின் வீடு நினைவில்லமாகும்போது அவருடைய தூரிகை, நாற்காலி, மூக்குக்கண்ணாடி ஆகியவை கண்ணாடிப் பேழைக்குள் போவதுதான் வழக்கம். ஹாரி பீரிஸோ தன் பெயரை முன்னிறுத்தாமல் ஒரு தலைமுறையின் உழைப்பையே சிதறாமல் காத்தார். ஒருவருடைய புகழைவிட ஒரு காலத்தின் கலை பெரியது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும், அதுவே சரி. ஜோகூரிலும் ஓவியர்கள் வாழ்ந்த வீடுகள் உண்டு. வாரிசுகளே, மாநில அரசே, அவற்றை விற்பதற்கும் இடிப்பதற்கும் முன்னால் உள்ளே இருக்கும் படங்களை ஒருமுறை எண்ணிப் பட்டியலிட்டு வையுங்கள்.