எந்த ஈயம்?

தஞ்சைத் தரணியில் ரசம் என்றால் ஈயச் சொம்பு ரசம்தான். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டும், வெறுமனே வைத்தால் உருகிவிடும் என்பார்கள் பாட்டிமார்கள். வெள்ளீயம் 232 பாகையில் உருகும். உள்ளே நீர் இருக்கும்வரை சொம்பின் சூடு அவ்வளவு ஏறாது. அந்தப் பௌதிகம் அவர்களுக்குப் பாடநூலின்றியே தெரிந்திருந்தது.

ஆனால் அவர்களையும் ஏமாற்றக்கூடிய ஒன்று நம் மொழியிலேயே இருக்கிறது. வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். முன்னது சமையலுக்கு ஏற்றது. பின்னது நஞ்சு. அந்த நஞ்சுதான் விலை மலிவு. வெள்ளீயத்தோடு எளிதில் கலக்கும், கலந்தது கண்ணுக்குத் தெரியாது. புளியும் கொதியும் சேர்ந்தால் அது மெல்ல மெல்ல ரசத்தில் இறங்கும். பண்டை உரோமர்கள் காரீயப் பாத்திரத்தில் திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பருகினார்களாம். நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்கலாமா?

நம் உடல் காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று மயங்கி எலும்பில் சேர்த்து வைக்கிறது. அங்கே அது பல்லாண்டுகள் கிடக்கும். ஒரு பெண் கருவுற்றதும் அவள் எலும்பின் சுண்ணாம்பு இளகிச் சிசுவுக்குப் போகும். கூடவே காரீயமும் போகும். குழந்தையின் குடலோ பெரியவர்களைப்போல் நான்கைந்து மடங்கு காரீயத்தை உறிஞ்ச வல்லது. இரும்புச் சத்துக் குறைந்த உடலில் இது இன்னும் மிகுதி. சோகை என்ற சொல்லைக் கேளாத வீடு நம் கிராமங்களில் உண்டா?

100 மில்லி இரத்தத்தில் 10 மைக்ரோகிராம் என்று 1991இல் அமெரிக்கர்கள் வகுத்த எச்சரிக்கை அளவு, 2012இல் 5 ஆயிற்று, 2021இல் 3.5 ஆயிற்று. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறு அளவும் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியைக் குறைக்கும் என்பதே காரணம்.

பெட்ரோலில் கலந்த காரீயத்தை நம் நாடு 2000இல் ஒழித்தது. வீட்டுப் பெயின்டுக்கு 2017 முதல் பத்து லட்சத்தில் 90 பங்கு என்று வரம்பு கட்டியது. சொம்பின் மீது மட்டும் என்ன உலோகம், எத்தனை பங்கு என்று எழுதி நான் கண்டதில்லை. எழுதியே விற்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்த வேண்டும். சொம்பையே ஒழிக்கச் சொல்பவன் அல்லன் நான். அந்த ரசத்தின் மணம் எனக்கும் வேண்டும்.

தலைப்பிரசவத்துக்கு வந்த அக்காவுக்காக அம்மா ஒரு புதுச் சொம்பு வாங்கி வந்தார். விலை குறைவு என்று மகிழ்ச்சி வேறு. பாட்டியின் பழைய சொம்பிலும் புதியதிலும் சிறிது சுரண்டிக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றேன். ஆசிரியர் மேற்பார்வையில் நைட்ரிக் அமிலத்தில் இட்டோம். வெள்ளீயம் வெண்பொடியாய் அடியில் தங்கியது. அமிலத்தை ஆவியாக்கி, நீர் விட்டு வடிகட்டி, பொட்டாசியம் அயோடைடு சேர்த்தோம். பாட்டியின் சொம்பு நீர் தெளிவாகவே நின்றது. புதியதில் மஞ்சள் வீழ்படிவு. சூடாக்கி ஆறவிட்டதும் பொற்றூளாய் மின்னியது. பரீட்சையில் இதைக் கண்டால் மதிப்பெண் கிடைத்த மகிழ்ச்சி வரும். அன்று வரவில்லை.

கடைக்காரரிடம் போனோம். “ஈயம்தானே கேட்டீங்க?” என்றார் அவர்.

ஆண்டுதோறும் உப்புப் பகுப்பாய்வு செய்யும் நம் வேதியியல் கூடம், மாதம் ஒரு நாள் ஊராரின் சொம்புகளுக்காகக் கதவைத் திறந்தால் என்ன? முதல்வர் அவர்களும் துறைத் தலைவர் அவர்களும் மனம் வைக்க வேண்டும். சுரண்டும் வேலைக்கு நாங்கள் இருக்கிறோம்.