குற்றாலம் போறீங்களா? அம்மாவும் குளிக்கிற மாதிரி பேக் பண்ணுங்க!

ஜூன் பிறந்தாலே ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு கேள்வி வந்துவிடும்... ‘குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சிடுச்சா?’ ஆகஸ்ட் வரைக்கும் இளவெயிலும் சாரலும் மாறி மாறி வரும் காலம் இது.

அங்கே எந்த அருவிக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மொத்தக் குடும்பமும் தண்ணீரில் நிற்க, ஐந்து பைகள், நான்கு செல்போன்களோடு ஒருவர் மட்டும் கரையில் காவலுக்கு உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அம்மா, இல்லையென்றால் பாட்டி. ராத்திரி முழுக்க ரயிலில் வந்தும் அருவியில் தலை நனைக்காமல் ஊர் திரும்புகிறவர் அவர். சுமையைக் குறைத்தால் அவரும் குளிக்கலாம்.

இரண்டு பைகளாகப் பிரியுங்கள்

பெரிய பை அறையிலேயே இருக்கட்டும். அருவிக்கு ஒரே ஒரு சின்ன வாட்டர்ப்ரூஃப் பை போதும். அதில் ஆளுக்கொரு செட் மாற்றுத் துணி, துண்டு, கொஞ்சம் பணம், அவசர மாத்திரை, உறையில் போட்ட ஒரு செல்போன். நகைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவியைக் கழற்றி வைக்க மூடியுள்ள டப்பா ஒன்று அவசியம்.

காயாத துணி வேண்டாம்

சாரல் காற்றில் ஈரம் அதிகம். ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் காயாது. டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இடமும் அடைக்காது, சீக்கிரம் காயும். பெண்களுக்கு, நனைந்தாலும் ஒட்டித் தெரியாத அடர்நிற சுடிதார் வசதி. அறையில் கட்ட ஒரு கொடிக்கயிறு, பத்து கிளிப். ஈரத் துணிக்குத் தனிப் பை.

பாதமும் மருந்தும்

பாசி படிந்த பாறை வழுக்கும். பின்வார் உள்ள, பிடிமானமான ரப்பர் செருப்பு நல்லது. சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் நடக்க வேண்டாம். குளித்ததும் விரல் இடுக்குகளைத் துடைத்துவிட்டால் சேற்றுப்புண் வராது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர், பெரிய பையில் இல்லாமல் கையோடு இருக்க வேண்டும்.

எடுக்கவே கூடாதவை

அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. தின்பண்டங்களும் வேண்டாம். கவர் சத்தம் கேட்டாலே குரங்குகள் வந்துவிடும்!

வெறுங்கை ஏன் முக்கியம்?

2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நாம் நிற்கும் இடத்தில் மழையே இல்லாவிட்டாலும், மலைக்கு மேலே பெய்தால் நிமிடங்களில் தண்ணீர் பெருகும். நீர் கலங்கி, வேகம் கூடினாலோ, போலீஸார் விசில் அடித்தாலோ உடனே கரையேறுங்கள். அந்த நேரத்தில் செருப்பையும் பையையும் தேடக் கூடாது. குழந்தையின் கையைப் பிடிக்க நம் கை காலியாக இருக்க வேண்டும்.

மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. முதலில் பெண்கள் குளிக்கட்டும், ஆண்கள் பையைப் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு மாறிக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ராத்திரி, ‘அருவியில பையை யார் பார்த்துக்கிறது?’ என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் அம்மாவையே திரும்பிப் பார்த்தால், பையைத் திறந்து இன்னும் நாலு பொருளை வெளியே எடுத்து வையுங்கள்!