பங்கில்லாத வேட்டை

கூட்டாக ஆடும் சண்டை விளையாட்டுகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. ‘லூட்’ என்ற சொல் வந்த மாத்திரத்தில் ஸ்கின்னரின் புறாக்கள் வந்து இறங்கிவிடும். ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட வலுவூட்டல் அட்டவணை நூல் ஒருமுறை சுட்டப்படும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசே மனத்தை இறுகப் பிடிக்கும் என்ற முடிவு ஒருமுறை உரைக்கப்படும். சூதாட்ட இயந்திரத்தோடு ஒப்பிட்டதும் கட்டுரை முடிந்துவிடும். இவ்விளக்கம் பொய்யன்று, தனித்து ஆடுபவருக்குப் பெருமளவு பொருந்தவும் செய்யும். ஆனால் நால்வர் சேர்ந்து ஓர் அரக்கனை வீழ்த்தும்போது எழும் முதற்கேள்வி என்ன விழுந்தது என்பதன்று; யாருக்கு என்பது. ஸ்கின்னரின் கூண்டில் ஒரு புறாதான் இருந்தது.

மானிடவியல் வாசித்தவர்களேனும் இதைத் தவறவிட்டிருக்கக் கூடாது. கலஹாரியின் குங் மக்களிடையே இறைச்சியைப் பங்கிடும் உரிமை எய்தவனுக்கு உரியதன்று, கொன்ற அம்புக்கு உரியவருக்கே என்று ரிச்சர்ட் லீ பதிவு செய்தார். அம்புகளோ கைமாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே குறி தவறாத வேட்டைக்காரன் அதனாலேயே ஊருக்குப் பெரியவனாகிவிட முடியாது. பங்கீட்டு விதியை வேட்டைக்குப் பிந்திய கணக்கு வழக்காகக் கருதுபவர் வேட்டையில் பாதியைப் பார்க்கவில்லை.

2000இல் வந்த டயாப்ளோ 2இல் விழுந்த பொருள் எல்லார் கண்ணுக்கும் தெரியும். முதலில் சொடுக்கியவருக்கே அது சொந்தம். ஆட்கள் கூடக் கூட அரக்கர்களின் உயிர்வலுவும் கூடும் என்பதால் துணை வேண்டியிருந்தது. துணையாக வந்தவரே பொருளைப் பறிக்கவும் செய்தார். முன்னே நின்று அடிவாங்கியவர் வெறுங்கையோடு திரும்ப, தூரத்தில் நின்று இணைய வேகம் வாய்த்தவர் அள்ளிச் சென்றார். தானே பொறுக்கும் நிரல்களும் புகுந்தன. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று ஏங்குபவர்கள் பெரும்பாலும் அள்ளிச் சென்றவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

2012இல் டயாப்ளோ 3 இதற்குத் தந்த மருந்து, ஒவ்வொருவர் திரையிலும் அவரவர்க்கு மட்டும் தெரியும் தனி லூட். விளையாட்டு வடிவமைப்பு பயிலும் மாணவர்களிடம் இது நீதியின் வெற்றியாகவே கொண்டு சேர்க்கப்படுகிறது. இதில் ஓர் உண்மை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை: பறிகொடுக்கும் அச்சம் நீங்கியதால்தான் தாக்காமல் தாங்கவும் குணமாக்கவும் மட்டுமே செய்யும் துணைப்பாத்திரங்கள் அங்கே தழைக்க முடிந்தது. ஆயினும் சண்டை தீர்க்கப்பட்டதா, சண்டையிடுவதற்கான பொருளே அகற்றப்பட்டதா என்று கேட்க வேண்டும். பிறர் திரையில் விழுந்தது கண்ணுக்கே தெரியாதபோது கேட்கவும் முடியாது, கொடுக்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. கொடுக்கல் வாங்கல் ஏலக்கூடத்துக்குக் குடிபெயர்ந்தது; தங்கத்துக்கும் மெய்ப்பணத்துக்கும் முன்பின் அறியாதவரிடம் பொருள் விற்கப்பட்டது. அது விளையாட்டைக் கெடுத்தது என்று அதன் இயக்குநராயிருந்த ஜே வில்சனே 2013இல் ஒப்புக்கொண்டார். 2014 மார்ச் 18இல் ஏலக்கூடம் மூடப்பட்டது.

பின்னர் வந்த விதிதான் கவனத்துக்குரியது. அரும்பொருள்கள் கிடைத்தவரின் கணக்கோடு பிணைக்கப்பட்டன. அது விழுந்தபோது உடன் ஆடியவர்களுக்கு மட்டும், அதுவும் இரண்டு மணி நேரத்துக்குள், கொடுக்கலாம். சந்தையை அடைத்த கையோடு, உடன் போரிட்டவருக்கு மட்டும் ஒரு சிறு சாளரம் திறந்து வைக்கப்பட்டது. கொடை என்ற செயல் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒடுங்கியது. மார்செல் மோஸைப் பாடமாக வைத்திருக்கும் துறைகளுக்கு இதைவிட நல்ல களம் எது? ஆனாலும் புறாக்களே திரும்பத் திரும்பப் பறக்கவிடப்படுகின்றன.

தனிப்பங்கு தன்னளவில் குற்றமன்று. மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்டில் (2018) ஒவ்வொரு வேடரும் தமக்குரியதைத் தாமே அறுத்தெடுக்கிறார். எனினும் வாலைத் துண்டிக்க வெட்டும் ஆயுதம் வேண்டும், சம்மட்டியால் ஆகாது. சம்மட்டிக்காரர் தலையில் அடித்து விலங்கை மயங்க வைத்தால் வாள்காரருக்கு வால் எட்டும்; துண்டான வாலில் இருவருமே அறுத்துக்கொள்ளலாம். ஒருவரின் லூட் மற்றவரின் உழைப்பைக் கடந்து வருகிறது. டயாப்ளோ 3இன் தனி லூட்டில் இல்லாதது இதுதான்: கூட்டம் சேர்ந்தால் கொலை விரைவாகிறது, ஆனால் எந்தப் பொருளும் இன்னார் இல்லாவிட்டால் கிட்டியிராது என்று சொல்லும்படி இல்லை.

டீப் ராக் கேலக்டிக் (2020) இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறது. உயரச் சுவரில் நைட்ரா தெரிந்தால் பொறியாளர் அங்கே ஒரு மேடையைச் சுட்டுப் பதிப்பார். சாரணர் கொக்கிக்கயிற்றில் பறந்து அதன்மீது நின்று வெட்டுவார். வெட்டியது யாராயினும் நைட்ரா பொதுக்கணக்கில் சேரும். எண்பது சேர்ந்ததும் தோட்டாப் பெட்டகம் ஒன்றை வரவழைக்கலாம். அதில் நான்கு அடுக்குகள் இருக்கும், நால்வர் குழுவில் ஆளுக்கு ஒன்று என்பது வழக்கம். எந்த அடுக்குக்கும் பூட்டில்லை. ஒருவர் இரண்டை எடுத்துக்கொண்டால் விளையாட்டு தடுக்காது. மற்ற மூவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.