வங்கிக்கு வந்த பணம் விற்பனை ஆகாது

கரூர் படுக்கை விரிப்பும் இளம்பிள்ளைச் சேலையும் திருப்பூர் பனியனும் இன்று அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ வழியாக நாடெங்கும் போகின்றன. விற்பது எளிதாகிவிட்டது, விற்றதற்குக் கணக்கு எழுதுவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. சில நாட்களுக்கு ஒருமுறை தளம் ஒரு மொத்தத் தொகையை வங்கியில் போடுகிறது. சிறு வியாபாரிகள் பலர் அதையே விற்பனை என்று பேரேட்டில் ஏற்றிவிடுகிறார்கள். இது தவறு, நஷ்டம் தரும் தவறு. ஆனால் பழியை வியாபாரியின் மீது மட்டும் போடுவது நியாயமில்லை. எல்லாத் தளங்களும் ஒரே படிவத்தில் செட்டில்மென்ட் கணக்குத் தர வேண்டும் என்று அரசு விதிக்காதவரை இந்தத் தவறு தொடரவே செய்யும்.

ஒரே ஒரு படுக்கை விரிப்பை எடுத்துக்கொள்வோம். விலை ரூ.1,000, 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து வாங்குபவர் கட்டுவது ரூ.1,050. கமிஷன், கூரியர் என்று தளம் ரூ.180 எடுக்கிறது என்றால், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.32.40. தளமே பிடித்து அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டி டிசிஎஸ் 0.5 சதவீதம், ரூ.5. அதேபோல் பிடிக்கும் வருமான வரி டிடிஎஸ் 0.1 சதவீதம், ரூ.1. எல்லாம் போக வங்கிக்கு வருவது ரூ.831.60. இதையே வரி உட்பட விற்ற விலை என்று எழுதினால் விற்பனை ரூ.792, கட்டும் வரி ரூ.39.60 என்று ஆகும். சரியாக எழுதியிருந்தால் விற்பனை ரூ.1,000, வரி ரூ.50. அதில் கமிஷன் பில்லுக்கான ரூ.32.40 உள்ளீட்டு வரி வரவாகக் கழியும், டிசிஎஸ் ரூ.5-ஐ ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றுக்கொண்டால் ரொக்கப் பேரேட்டில் சேரும். சரக்கு வாங்கியதற்கான வரி வரவைச் சேர்க்காமலேயே, கையிலிருந்து கட்ட வேண்டியது ரூ.12.60 மட்டும். ஆக, வியாபாரி ரூ.27 கூடுதலாகக் கட்டிவிட்டு, விற்பனையைக் குறைத்துக் காட்டியவர் என்ற பெயரையும் வாங்குகிறார். ஏனென்றால், தளம் மாதந்தோறும் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-8 படிவத்தில் அவர் பெயரில் ரூ.1,000 பதிவாகியிருக்கிறது. ஆயிரம் ஆர்டர்களுக்கு இந்த வித்தியாசம் இரண்டு லட்சத்தைத் தாண்டும். நோட்டீஸ் வர வேறென்ன வேண்டும்?

நடைமுறையில் இது இன்னும் சிக்கலானது. மார்ச் கடைசி வாரத்தில் விற்றதற்கு ஏப்ரலில் பணம் வரும். விற்பனை பழைய நிதியாண்டுக்கும் வங்கி வரவு புதிய ஆண்டுக்கும் போகும். ரிட்டர்ன் வந்த சரக்கின் தொகை, சம்பந்தமே இல்லாத வேறொரு செட்டில்மென்ட்டில் கழிக்கப்படும். விகிதங்களும் மாறுகின்றன: 2024-ல் மட்டும் டிசிஎஸ் ஜூலையிலும் டிடிஎஸ் அக்டோபரிலும் 1 சதவீதத்திலிருந்து குறைந்தன. இத்தனையையும் பிரித்துக் காட்ட வேண்டிய அறிக்கையை ஒவ்வொரு தளமும் தன் விருப்பப்படி தயாரிக்கிறது. மூன்று தளங்களில் விற்பவர் மூன்று விதமான எக்செல் கோப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்வது வியாபாரியின் கடமையல்லவா என்று கேட்கலாம். கடமைதான். ஆனால் எதற்காகப் பிடித்தார்கள் என்பது பிடித்தவருக்கே தெரியும். அவர் சொல்லாததை ஆடிட்டராலும் எழுத முடியாது. இதற்கென்று மென்பொருள்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, மாதச் சந்தாவோடு. தளம் தன் அறிக்கையில் ஒரு பத்தியின் பெயரை மாற்றினால் அவையும் தடுமாறும். அந்தச் செலவு முழுவதும் குறைந்த லாபத்தில் ஓடுபவரின் தலையிலேயே விழுகிறது. தளங்களுக்குக் கூடுதல் சுமை என்ற வாதம்தான் மிகவும் பலவீனமானது. அரசுக்கு ஒரே படிவத்தில் ஜிஎஸ்டிஆர்-8 தரும் தளங்களால் வியாபாரிக்கும் அப்படித் தர முடியாதா? எந்த நிறுவனத்தில் வேலை பார்த்தாலும் சம்பளக்காரருக்குக் கிடைக்கும் டிடிஎஸ் சான்றிதழ் ஒரே படிவத்தில்தான் இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் எல்லாம் இ-இன்வாய்ஸை ஒரே வடிவத்தில் போட வேண்டும் என்று அரசு சொன்னது, அவை போடுகின்றன.

ஜிஎஸ்டி கவுன்சில் இதைக் கையில் எடுக்க வேண்டும். ஆர்டர் எண், பில் தேதி, வரியில்லா விலை, ஒவ்வொரு பிடித்தம், அதன் மீதான வரி, எந்த மாத விற்பனைக்குரிய ரிட்டர்ன் என்ற விவரங்கள் எல்லாச் செட்டில்மென்ட்டிலும் ஒரே வரிசையில் வர வேண்டும். அது நடக்கும் வரை வியாபாரிகள் ஒன்று செய்யலாம்: ஒவ்வொரு தளத்துக்கும் பேரேட்டில் தனிக் கணக்கு திறந்து, விற்பனையை முழு விலையில் அதில் பற்று வைத்து, பிடித்தங்களையும் வங்கிக்கு வந்ததையும் வரவு வையுங்கள். மாதக் கடைசியில் அந்தக் கணக்கில் நிற்கும் பாக்கிக்குத் தளத்திடம் விளக்கம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.